கமிஷன் யார் கையிலிருந்து வருகிறது?

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு 36 வயது. திருச்சி கே.கே. நகரில் இருக்கிறேன். ஒரு தனியார் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் 11 வருடம் வசூல் பிரிவில் வேலை பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டு வீடு, மனை தரகில் இறங்கினேன். இதுவரை ஒன்பது வாடகை வீடும் ஒரு வீட்டு விற்பனையும் முடித்திருக்கிறேன். கையில் 4 லட்சம் சேமிப்பு இருக்கிறது. லோன் தவணை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் வேண்டும்.

இப்போது மூன்று இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஒன்று, மனைப்பிரிவு போடும் ஒரு புரமோட்டர். மார்க்கெட்டிங் மேனேஜர் பதவி, எனக்குக் கீழே பத்துப் பேரைச் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் பங்கு என்கிறார். இரண்டாவது, பெரிய ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனியின் ஃபிரான்சைஸ். 3 லட்சம் கட்டவேண்டும். மூன்றாவது, எங்கள் ஏரியாவில் முப்பது வருடமாகத் தரகு செய்யும் ஒரு பெரியவர். "கமிஷனை நம்பி எத்தனை நாள் ஓடுவே? ஆளுக்கு 5 லட்சம் போட்டு, நல்ல இடமாப் பார்த்து அக்ரிமெண்ட் போட்டுக் கைமாத்தி விடலாம்" என்கிறார். குறையும் பணத்துக்கு மனைவி நகையைத் தரச் சம்மதித்துவிட்டாள். ஆனால் முகம் சரியில்லை.

எதில் போனால் நிலைத்து நிற்கலாம்? போர்டில் 'புரோக்கர்' என்று போடுவதா, 'கன்சல்டன்ட்' என்று போடுவதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, முதலில் அந்த நகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நானும் உங்கள் ஊர்க்காரன்தான். இந்தத் தொழிலில் 24 வருடம் ஆகிறது. நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டை நானே செய்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில், ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன். உங்களுக்கு வரப்போகும் காசு யார் கையிலிருந்து வருகிறது? தரகில் வியாபார முறை என்பதே இதுதான். காசு கொடுப்பவர் பக்கம்தான் நம் வாய் பேசும். நாம் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நாலு மாதத்தில் பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

புரமோட்டரிடமிருந்து தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மத்திய பேருந்து நிலையம் பக்கம் வேன் வந்து நிற்கும். பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போவார்கள். சைட்டில் கலர் கொடி, ஆர்ச், புதிதாக நட்ட தென்னங்கன்று, மூலைக் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட். மதியம் சாப்பாடு. "இன்னைக்கு டோக்கன் போட்டா ஸ்கொயர் ஃபீட்டுக்கு 50 ரூபாய் குறைவு." சாயங்காலத்துக்குள் மூன்று பேராவது டோக்கன் போட்டிருப்பார்கள். நான் இரண்டு வருடம் அந்த வேனில் போயிருக்கிறேன். முறையான அனுமதியோடு ஒழுங்காக மனை போட்டு விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் உங்களுக்குக் கீழே பத்துப் பேர் என்றால், அந்தப் பத்துப் பேர் யார்? பழைய ஆபீசில் கூட வேலை பார்த்தவர், மச்சான், பிள்ளை படிக்கும் பள்ளியில் பழக்கமானவர். அவர்கள் விற்கப்போவதும் அவரவர் சொந்தபந்தத்துக்குத்தான். உங்களுக்கு ஒரு பங்கு, உங்களுக்கு மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு, அவருக்கும் மேலே இருப்பவருக்கு ஒரு பங்கு. இத்தனையும் மனை விலைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வாங்குபவர்தான் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

நான் விற்ற மனை ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் ஒருவர், ஓய்வுக்காலப் பணத்தில் 1,200 சதுர அடி மனை வாங்கினார். என்னை நம்பித்தான் வாங்கினார். பத்திரம் சரி, பட்டா சரி, எதிலும் குற்றமில்லை. மூன்று வருடம் கழித்து மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது மனையை விற்றுக் கொடு என்று வந்தார். என்னால் முடியவில்லை. அதே லேஅவுட்டில் பாதி மனை விற்காமல் கிடந்தது. புரமோட்டர் தவணை வசதியோடு, கமிஷன் கொடுத்து, வேன் வைத்து விற்றுக்கொண்டிருக்கும்போது வாத்தியார் மனையை யார் சீண்டுவார்கள்? கடைசியில் வாங்கின விலைக்கும் கீழே போனது. அன்று அவர் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லப்பா, நீ என்ன பண்ணுவே" என்றார். அதோடு வேனில் ஏறுவதை விட்டுவிட்டேன்.

சட்டம் ஒன்றும் இதில் இருக்கிறது. 2016-ஆம் வருட ரெரா சட்டப்படி, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அரசு அறிவித்த திட்டமிடல் பகுதிக்குள் புரமோட்டர் போட்ட மனையையோ அடுக்ககத்தையோ விற்றுத் தரும் தரகர் ரெராவில் பதிவு செய்திருக்கவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் அந்தத் திட்டமும் பதிவாகியிருக்கவேண்டும். பதிவில்லாமல் விற்றுக் கொடுக்கும் தரகருக்கு நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அது அந்த மனையின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். உங்களுக்குக் கீழே சேரப்போகும் பத்துப் பேரில் எத்தனை பேர் பதிவு செய்வார்கள்? கூப்பிட்டவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

நல்ல புரமோட்டர் ஒருவரின் மனையை, உங்களிடம் தேடி வரும் பார்ட்டிக்கு ஏற்றதாக இருந்தால் காட்டுங்கள். பதிவு எண் வாங்கி வைத்துக்கொண்டு, வருடத்துக்கு நாலைந்து செய்யலாம். அதையே முழுநேரப் பிழைப்பாக்கி, ஆள் சேர்க்கும் வேலையில் இறங்கவேண்டாம் என்பது என் கருத்து.

ஃபிரான்சைஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவர்கள் பயிற்சி தருவார்கள், படிவங்கள் தருவார்கள், கணக்கு வைக்க மென்பொருள் தருவார்கள். தெரியாத ஊரில் புதிதாகக் குடியேறுபவர் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவார், அதனால் சென்னை, பெங்களூரு மாதிரி இடத்தில் அதற்கு மதிப்பு இருக்கிறது. திருச்சியில் வீடு வாங்க வருபவர் "இவரை யார் சொன்னது?" என்றுதான் கேட்கிறார். உங்கள் சேமிப்பில் முக்கால் பங்கைக் கட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு கமிஷனிலும் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்துக்கொண்டு, மாதம் 28,000-க்கு எங்கே போவீர்கள்? ஆசை விடவில்லை என்றால், அதே பெயரில் வேறு ஊரில் மூன்று வருடமாகக் கடை நடத்துபவரைத் தேடிப்பிடித்து ஒரு சாயங்காலம் பேசுங்கள். தலைமை அலுவலகம் வருடத்துக்கு எத்தனை பார்ட்டியை அனுப்பியது, விட்டு வெளியேற என்ன நிபந்தனை என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் செய்யவேண்டியது இது ஒன்றுதான்.

மூன்றாவதுதான் உங்களை அதிகம் இழுக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. பெரியவர் சொல்வதில் கணக்கு பொய்யில்லை. ஓனர் 50 லட்சம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்துக் கிரய ஒப்பந்தம் போடுகிறீர்கள். கெடுவுக்குள் 56 லட்சத்துக்கு ஒருவரைப் பிடித்து, ஓனரை நேரே அவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க வைக்கிறீர்கள். 6 லட்சம் லாபம், ஆளுக்கு மூன்று. இதையே கமிஷனுக்கு முடித்திருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதம் என்று ஒரு லட்சம்தான். யாருக்குத்தான் ஆசை வராது?

எனக்கும் வந்தது. 2016 ஜூலையில் நானும் ஒரு கூட்டாளியும் மணிகண்டம் தாண்டி ஒரு மனைப்பிரிவில் ஆறு மனைக்குச் சேர்த்து 4 லட்சம் அட்வான்ஸ் போட்டோம். டிசம்பர் வரை கெடு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுதான். அப்போது ஊரே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், வாசலில் வேப்பமரத்தடியில் எங்கள் தொழில்காரர்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள். உள்ளே ஒரு பத்திரம் நகரவில்லை. இரண்டு மனைக்குப் பார்ட்டி ரெடியாக வைத்திருந்தேன், அவர்கள் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மிச்சமிருந்த பேச்சும் அதோடு போயிற்று.

ஓனர் கெட்டவர் இல்லை. "நான் எழுதிக் குடுக்கத் தயாராத்தான் இருக்கேன், உங்களால பதிய முடியலைன்னா நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அங்கீகாரமில்லாத மனைகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2017 மே மாதம் வந்தபோது எங்கள் கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. போன 4 லட்சத்தில் இரண்டரை என்னுடையது. அதில் ஒரு பகுதி வீட்டுக்காரம்மாவின் ஏழு பவுன் சங்கிலியை வைத்து எடுத்தது. மீட்க மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் முன் வரிசையில் உட்காரவில்லை. உங்கள் மனைவியின் முகம் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பண நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அக்ரிமெண்ட் போட்ட அன்றே நீங்கள் தரகர் என்ற இடத்தை விட்டு வியாபாரி ஆகிவிடுகிறீர்கள். அது தப்பான தொழில் இல்லை. ஆனால் வாங்க வருபவர் உங்களைத் தரகர் என்று நினைத்துத்தான் பேசுகிறார். கெடு முடிய இருபது நாள்தான் இருக்கிறது என்னும்போது, "இந்தத் தெருவில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நிற்கும்" என்று அவரிடம் சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு வந்ததில்லை.

பத்திர அலுவலகத்தில் நடப்பதையும் சொல்லவேண்டும். ஓனரும் வாங்குபவரும் அன்றுதான் நேரில் பார்த்துக்கொள்வார்கள். வாங்குபவர் வாய் தவறி 56 என்று சொல்லிவிடுவார். ஓனர் முகம் மாறும். கையெழுத்துப் போடாமல் எழுந்துபோன ஓனர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே இருக்கும் 6 லட்சம் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கைமாறும். நிலம், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்புறம், தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பெரியவர் பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார். பதியாத அந்தத் தாளை நம்பி 5 லட்சம் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

அக்ரிமெண்ட் போடாமலே நடக்கும் இன்னொன்றும் இருக்கிறது. ஓனர் 40 சொன்னால் பார்ட்டியிடம் 43 சொல்லி, மேலே இருப்பதை நாம் வைத்துக்கொள்வது. இது எப்படியும் ஒருநாள் வெளியே வந்துவிடும். ஒரு தெருவில் ஒருமுறை வெளியே வந்தால் அந்தத் தெருவில் நமக்கு அடுத்த வீடு கிடையாது.

சரி, மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்களை நடுத்தெருவில் விடமாட்டேன். உங்கள் கையில் இருப்பதையே நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. எட்டு மாதத்தில் ஒன்பது வாடகை வீடு முடித்திருக்கிறீர்கள். கடிதத்தில் அதை ஒரு ஓரமாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் கண்ணுக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த ஒன்பது ஓனர்களில் எத்தனை பேர் திருச்சியில் இருக்கிறார்கள்?

கே.கே. நகர், விமான நிலையப் பக்கம், எடமலைப்பட்டி புதூர் என்று நடந்து பாருங்கள். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ, துபாயிலோ, சென்னையிலோ இருப்பார்கள். வயதான அம்மா அப்பா மட்டும் இருப்பார்கள், அல்லது வீடே பூட்டிக் கிடக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேராக விமானம் போகிற ஊர் இது. 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள். 2025 மே மாதம் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் மனை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வெளியூரிலிருந்து ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள், "நம்ம இடம் எப்படி இருக்கு?" என்று. போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. தங்கச்சி வீட்டுக்காரர் ஒருமுறை போவார், இரண்டுமுறை போவார், மூன்றாம்முறை கசந்துபோகும்.

அந்த ஆளாக நீங்கள் இருங்கள். வாடகைக்குக் குடிவைப்பது, வாடகை வசூலித்து ஓனர் கணக்குக்குப் போகிறதா என்று பார்ப்பது, மாநகராட்சி சொத்து வரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், குடி மாறும்போது வெள்ளையடிப்பது. காலி மனை என்றால் கருவேலம் வெட்டி, வேலி சரிபார்த்து, நாலு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பி, வருடத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. இதற்கு மாதக் கட்டணம் வாங்குங்கள். நான் ஒரு வீட்டுக்கு 1,200 வாங்குகிறேன். 25 வீடு சேர்ந்தால் மாதம் 30,000. உங்கள் வீட்டுச் செலவு அதிலேயே அடங்கிவிடும். எனக்கு 25 வீடு சேர இரண்டரை வருடம் ஆனது. நீங்கள் 11 வருடம் வசூலுக்குப் போன தெருக்கள் என்பதால் இன்னும் சீக்கிரம் சேரும் என்று நினைக்கிறேன். யார் வீட்டு வாடகை தேதி தவறாமல் வரும், யார் மூன்றாம் மாதம் ஃபோனை அணைத்துவிடுவார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. குடி வைக்கிற வேலையில் அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

மாதக் கட்டணம் வாங்கும் வீடு என்றைக்காவது விற்பனைக்கு வரும். அப்போது அந்த ஓனர் வேறு யாரிடமும் போகமாட்டார். நான் வருடத்துக்கு ஏழெட்டு விற்பனை முடிக்கிறேன், அதில் பாதிக்கு மேல் இப்படி வருபவைதான். வீட்டின் குழாய் எங்கே ஓடுகிறது என்பது வரை தெரிந்திருப்பதால், வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு ஓனரைவிட நானே நன்றாகப் பதில் சொல்கிறேன். இதில் எனக்குக் காசு கொடுப்பவர் ஓனர். அதை வாங்க வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "ஓனர் எனக்கு 2 சதவீதம் தருகிறார், உங்களிடம் நான் வாங்கப்போவதில்லை. பத்திரத்தை உங்கள் வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்." இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதம் வாங்குவதுதான் நம் ஊர் வழக்கம். நீங்கள் அப்படியே வாங்குவதாக இருந்தால், இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். அவ்வளவுதான் என் கட்டாயம்.

ஒன்றை எழுதி வாங்காமல் வீடு காட்டாதீர்கள். ஓனரிடம் ஒரு பக்கத்தில் கடிதம்: என்ன விலை, என்ன கமிஷன், எத்தனை நாள் உங்கள் கையில் இருக்கும். நான் 90 நாள் கேட்பேன். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் வாட்ஸ்அப்பில் "சம்மதம்" என்று எழுதி அனுப்பினாலும் போதும். வாங்க வருபவருக்கு வீட்டைக் காட்டுமுன் தேதி, முகவரி போட்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நம்மை விட்டுவிட்டு நேரில் பேசி முடித்துக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது. முழுதாகத் தடுக்க முடியாது, ஆனால் செய்தி கையில் இருந்தால் கேட்க உரிமை இருக்கும். கமிஷனில் பாதியை ஒப்பந்தம் பதியும் அன்று வாங்குங்கள், மீதியைக் கிரயத்தன்று. எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு விட்டால், சார்பதிவாளர் அலுவலக டீக்கடையில் நின்று "பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்" என்று கெஞ்சும்படி ஆகும். மூன்று மாதம் உழைத்தவன் அப்படி நிற்கக் கூடாது.

வெளிநாட்டு ஓனர்களிடம் வேலை செய்யும்போது மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். பவர் பத்திரத்தை உங்கள் பெயரில் எழுதித் தருகிறேன் என்பார்கள், வாங்காதீர்கள். அவர்கள் குடும்பத்தில் ஒருவர் பெயரில் இருக்கட்டும். விற்கும் அதிகாரமும் கமிஷனும் ஒரே கையில் இருப்பது உங்களுக்கே நல்லதில்லை. அங்கே தூதரகத்தில் கையெழுத்தாகி வரும் பவருக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். இதை மறந்துவிட்டுக் கிரய நாளில் முழிப்பவர்கள் உண்டு. அடுத்தது வரி. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்டவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் அந்தக் கணக்கு செல்லாது, பிடிக்கவேண்டிய வரி நிறையக் கூடும். விலை பேசி முடிக்குமுன்பே இரண்டு தரப்பையும் ஆடிட்டரிடம் அனுப்பிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் பேரமே உடையும்.

உங்கள் சொந்தக் கணக்குக்கும் ஆடிட்டர் வேண்டும். சின்ன வியாபாரிகள் வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுப் போகும் வசதி கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது. அதனால் பெட்ரோல், ஃபோன், வில்லங்கத்துக்குக் கட்டியது எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கமிஷன் மேல் 18 சதவீதம். இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை.

பணத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். 28,000 வீதம் ஒன்பது மாதம் 2,52,000. அதைத் தனிக் கணக்கில், முடிந்தால் மனைவி பெயரில் போட்டுவிடுங்கள். ஒரு வீட்டைப் பார்ட்டி முதலில் பார்ப்பதிலிருந்து கிரயம் முடிய மூன்று நாலு மாதம் சர்வ சாதாரணமாக ஆகும். வீட்டில் அரிசிக்குக் காசு இருந்தால்தான் "அவசரப்படாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க" என்று நம்மால் ஒருவரிடம் சொல்ல முடியும். மீதி ஒன்றரை லட்சத்துக்குள் ரெரா பதிவு, ஒரு நல்ல ஃபோன், சின்னதாக ஒரு போர்டு. மறுவிற்பனை வீடுகளை மட்டும் பார்ப்பவருக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் வாங்கிவிடுங்கள், வெளிநாட்டில் இருப்பவர் உங்களை நம்புவதற்கு அந்த எண் உதவும். கடை வாடகைக்கு எடுக்கவேண்டாம், வீட்டுத் திண்ணை போதும்.

அந்தப் பெரியவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். முப்பது வருடமாக ஒரே ஏரியாவில் இருப்பவருக்கு, எந்த மனையில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை முடியவில்லை, எந்தப் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் வாய்மொழியாகத் தெரியும். அது எந்த வில்லங்கச் சான்றிலும் கிடைக்காது. வில்லங்கத்தில் பதிவான பத்திரம்தான் வரும், பதியாத சண்டை வராது. "ஐயா, முதல் போட என்னிடம் இல்லை. நீங்கள் சொல்லும் வீட்டை நான் முடித்தால் கமிஷனில் பாதி உங்களுக்கு" என்று நேராகக் கேளுங்கள். வெயிலில் அலைய அவருக்கும் இப்போது முடியாது. ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொண்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை தொடங்குங்கள். குடிவைத்த ஒன்பது வீட்டுக்கும் போங்கள். குடியிருப்பவரிடம் தண்ணீர் சரியாக வருகிறதா, கதவு தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு படம் எடுத்து ஓனருக்கு அனுப்பி, "வீடு நன்றாக இருக்கிறது, மாடித் தொட்டி மட்டும் கழுவவேண்டும், செய்யட்டுமா?" என்று கேளுங்கள். காசு பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம். நீங்கள் இத்தனை வருடம் வசூலுக்குப் போன வாசல்கள் அவை. உங்கள் வண்டிச் சத்தம் கேட்டால் சிலர் கதவைச் சாத்தியிருப்பார்கள். இப்போது அதே வண்டிச் சத்தத்துக்கு அவர்களே வந்து கதவைத் திறக்கக் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும்.

போர்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரோக்கரும் வேண்டாம், கன்சல்டன்டும் வேண்டாம். மேலே உங்கள் பெயர், நடுவில் 'வீடு வாடகை, விற்பனை, பராமரிப்பு', கீழே ரெரா பதிவு எண்ணும் ஃபோன் நம்பரும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், உங்கள் ஏரியாவில் கண்ணாடி போட்டுப் படிப்பவர்கள்தான் அதிகம்.